மாதிரியும் தரவும்: உயிர்ப்புள்ளியியல் கள ஆய்வை முதற்படியிலிருந்து திட்டமிட ஒரு வழிகாட்டி

வேலூரில் ‘சாம்பிள் கொடுத்தாயிற்றா?’ என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்பது ஆய்வகத்தில் கொடுக்க வேண்டிய இரத்தத்தையோ சிறுநீரையோ பற்றித்தான் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து மில்லிலிட்டர் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, உடல் முழுவதும் ஓடும் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தத்தைப் பற்றி மருத்துவர் துணிந்து முடிவு சொல்கிறார். இதயம் அந்த இரத்தத்தை ஓயாமல் கலக்கிக்கொண்டே இருப்பதால், எடுத்த துளிக்கும் எடுக்காத துளிக்கும் வேறுபாடு மிகக் குறைவு என்பதே அந்தத் துணிவுக்குக் காரணம். மக்களை அப்படிக் கலக்கிவைக்க எந்த இதயமும் இல்லை. ஒரே ஊரின் இரண்டு தெருக்களில் உணவும் வருமானமும் நோயும் வெவ்வேறாக இருக்கும். ஆகவே மக்களிடமிருந்து மாதிரி எடுப்பவர், கலக்கும் வேலையையும் தாமே செய்தாக வேண்டும். புள்ளியியலில் அந்த வேலைக்குப் பெயர்தான் சமவாய்ப்பு.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு கற்பனை ஆய்வைத் தொடக்கம் முதல் பின்தொடர்கிறது. குடியாத்தம் வட்டத்தில் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றும் பெண்களிடையே இரத்தச்சோகை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதே ஆய்வின் பொருள். எடுத்துக்காட்டுகளில் வரும் ஊர் மக்கள்தொகையும் விழுக்காடுகளும் கணக்கை விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. அவற்றை உண்மை நிலவரமாகக் கொள்ள வேண்டாம்.

முதற்படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘பீடித் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றிய ஓர் ஆய்வு’ என்பது தலைப்பு. அதைக் கேள்வி என்று சொல்ல முடியாது. கேள்வியில் யார், எங்கே, எப்போது, எதை அளக்கிறோம், எந்த எல்லையில் வெட்டுகிறோம் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். நம் கேள்வி இப்படி அமையலாம்: குடியாத்தம் வட்டத்தின் கிராமங்களில், கடந்த ஆறு மாதங்களாகப் பீடி சுற்றிவரும், கருவுற்றிராத 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில், இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாக உள்ளவர்கள் இப்போது எத்தனை விழுக்காடு? இந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் யாரையோ உள்ளே சேர்க்கிறது அல்லது வெளியே நிறுத்துகிறது. கருவுற்ற பெண்களுக்கு எல்லை 12 கிராம் அன்று, அதைவிடக் குறைவு. அவர்களையும் கலந்துவிட்டால் ஒரே அளவுகோலால் இரு வேறு பொருள்களை அளந்ததாகிவிடும்.

இரண்டாம் படி: யாரைப் பற்றிப் பேசப்போகிறீர்கள்?

ஆய்வின் முடிவு யாருக்குப் பொருந்த வேண்டும் என்று நினைக்கிறோமோ அவர்கள் அனைவரும் சேர்ந்தது முழுத்தொகுதி. அதிலிருந்து நாம் உண்மையில் பார்ப்பவர்கள் மாதிரி. முழுத்தொகுதியில் மறைந்திருக்கும் உண்மையான விழுக்காடு பண்பளவை எனப்படும். அது ஒரே எண், நமக்குத் தெரியாத எண். மாதிரியிலிருந்து நாம் கணக்கிடுவது மதிப்பீடு. வேறு மாதிரி எடுத்தால் மதிப்பீடும் சற்று மாறும். இந்த மாற்றத்திற்குப் பெயர் மாதிரிப் பிழை. இது யாருடைய தவறும் இல்லை; இதன் அளவைக் கணக்கிட்டுச் சொல்லவும் முடியும். தவறான ஆட்களைத் தேர்ந்தெடுப்பதால் வருவது சாய்வு. மாதிரியை எவ்வளவு பெரிதாக்கினாலும் சாய்வு குறையாது.

வேலூரில் ஆய்வு செய்பவர்கள் இவ்விடத்தில் அடிக்கடி சறுக்குகிறார்கள் என்பது ஆய்வேடுகளைப் படித்துத் திருத்தும் பழக்கத்தில் நான் கண்டது. பெரிய மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் 500 பேரைப் பார்த்துவிட்டு, ‘வேலூர் மக்களிடையே’ என்று முடிவுரை எழுதிவிடுவார்கள். மருத்துவமனைக்கு அருகே உள்ள காந்தி சாலையில் நடந்து பாருங்கள்: விடுதிகளின் பலகைகளில் வங்காள எழுத்து, உணவகங்களில் வங்காளச் சமையல். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருபவர்கள் நிறைந்த வரிசையில் நின்றுகொண்டு வேலூர் மாவட்டத்தை அளக்க முடியாது. உள்ளூர் நோயாளிகளை மட்டும் பிரித்தெடுத்தாலும் சிக்கல் முழுவதும் தீர்வதில்லை. இரண்டு நோய்கள் உள்ளவர் மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பு ஒரு நோய் உள்ளவரைவிட அதிகம் என்பதால், ஊரில் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரு நோய்கள் மருத்துவமனைப் பதிவேட்டில் தொடர்புள்ளவைபோலத் தோன்றும். ஜோசப் பெர்க்சன் 1946-இல் விளக்கிய இந்தச் சாய்வு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இடத்தின் எல்லையும் முழுத்தொகுதியின் பகுதியே. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. பிற்காலத்து வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. 2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு 2017 மார்ச் 31 அன்றிருந்த மாவட்ட எல்லைகளைப் பின்பற்றியது. எனவே அதில் ‘வேலூர்’ என்று வரும் எண் மூன்று மாவட்டங்களும் சேர்ந்த எண். அதை எடுத்து இன்றைய வேலூரின் எண்ணோடு ஒப்பிட்டு, ‘கூடியிருக்கிறது’, ‘குறைந்திருக்கிறது’ என்று எழுதினால், மாறியது நோயா எல்லைக்கோடா என்று சொல்ல முடியாமல் போகும்.

மூன்றாம் படி: பட்டியல்

பாடநூல்கள் மாதிரிச் சட்டகம் என்று குறிப்பிடுவது நடைமுறையில் ஒரு பெயர்ப்பட்டியல்தான். முழுத்தொகுதியில் உள்ள ஒவ்வொருவரும் அதில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, இடம்பெற வேண்டும். சொல்வதற்கு எளிய இந்த நிபந்தனையை நிறைவேற்றுவதில்தான் ஆய்வுக் காலத்தில் பாதி போகும். அதில் எனக்கு வருத்தமில்லை. நல்ல பட்டியல் இல்லாத ஆய்வை நல்ல கணக்கு காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை.

நம் ஆய்வுக்கு எளிதில் கிடைக்கும் பட்டியல்களைச் சற்று உரசிப் பாருங்கள். பீடி இலை கொடுத்துச் சுற்றியதை வாங்கிக்கொள்ளும் ஒப்பந்ததாரரின் ஏட்டில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரில் தாயும் மகளும் மருமகளும் சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கலாம். வாக்காளர் பட்டியலில் 18 வயது நிரம்பியும் இன்னும் பதியாதவர்கள் இருக்க மாட்டார்கள். திருமணமாகி வேற்றூர் சென்றவர்களின் பெயர் நீக்கப்படாமல் இருக்கும். கிராம சுகாதாரச் செவிலியரின் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு நம்பத்தக்கதே ஆயினும், பெயரே சொல்வதுபோல் அது தம்பதியர் பதிவேடு; மணமாகாதவர்களும் கைம்பெண்களும் அதில் வரமாட்டார்கள். பீடித் தொழிலை நம்பியிருப்போரில் இவ்விரு பிரிவினரும் இருப்பதால், இந்தப் பதிவேட்டை மட்டும் நம்பினால் நாம் தேடிப் போனவர்களிலேயே சிலரை விட்டுவிடுவோம்.

வேலூருக்கு அருகே கணியம்பாடி ஒன்றியத்தில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூகநலப் பிரிவு பல பத்தாண்டுகளாகக் குடும்பங்களையும் பிறப்பு இறப்புகளையும் தொடர்ந்து பதிந்துவருவதால், அங்கு நடக்கும் ஆய்வுகளுக்கு ஆயத்தமான பட்டியல் ஒன்று இருக்கிறது. எல்லா இடத்திலும் அந்த வசதி கிடைக்காது. அது இல்லாத இடங்களில், தேர்ந்தெடுத்த கிராமங்களில் வீடுவீடாகச் சென்று, ‘இந்த வீட்டில் யார் யார் பீடி சுற்றுகிறார்கள்?’ என்று கேட்டு நாமே பட்டியல் தயாரிக்க வேண்டும். இரத்தம் எடுப்பது பிறகு, முதலில் பட்டியல். இரண்டையும் ஒரே நாளில் செய்தால், வீட்டிலிருந்து எதிரே வந்தவரெல்லாம் மாதிரியாகிவிடுவார்.

நான்காம் படி: தேர்ந்தெடுக்கும் முறை

சமவாய்ப்பு என்ற கருத்துக்கு நம் பக்கத்து மண்ணிலேயே பழைய சான்று இருக்கிறது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது சிறு பகுதிகளாக, பிரிக்கப்பட்டது. தகுதி உடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்திலிடப்பட்டன. ஒவ்வொரு குடும்புக்கும் ஒருவர் பெயரை, உள்ளே இருப்பது அறியாத ஒரு சிறுவன் எடுத்தான். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற தகுதிகளை இன்றைய ஆய்வுத்திட்டத்தின் சேர்ப்பு விதிகளாகவும், குடும்புவாரியாக எடுத்ததை அடுக்குமுறையாகவும், அறியாச் சிறுவனைச் சமவாய்ப்பு எண்ணாகவும் வைத்துப் பார்த்தால், நாம் செய்யப்போவது புரிந்துவிடும். அங்கு நடந்தது தேர்தல், நாம் செய்வது மதிப்பீடு என்பது மட்டுமே வேறுபாடு.

எளிய சமவாய்ப்பு முறையில் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு ஒன்றே. நம் பட்டியலில் 1,200 பெயர்கள் உள்ளன என்று கொள்வோம். அவற்றுக்கு 0001 முதல் 1200 வரை எண் இடுங்கள். சமவாய்ப்பு எண் அட்டவணையில் ஏதேனும் ஓரிடத்தில் தொடங்கி நான்கு நான்கு இலக்கங்களாகப் படியுங்கள். 0873 வந்தால் அந்தப் பெண் மாதிரியில் சேர்கிறார், 4519 பட்டியலில் இல்லை, தாண்டுங்கள், 0062 சேர்கிறார், மீண்டும் 0873 வந்தால் தாண்டுங்கள். புள்ளியியலாளர் டிப்பெட் 1927-இல் வெளியிட்ட முதல் அட்டவணையில் 41,600 இலக்கங்கள் இருந்தன. இன்று அந்த வேலையைக் கணினியின் அட்டவணைச் செயலி நொடியில் முடிக்கிறது. ‘மனத்திற்குத் தோன்றியபடி அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தேன்’ என்பது மட்டும் சமவாய்ப்பு ஆகாது. மனிதக் கை எப்போதும் எதையோ விரும்பி, எதையோ தவிர்த்துக்கொண்டே இருக்கும்.

முறைசார் மாதிரியெடுப்பில், 1,200 பேரில் 100 பேர் வேண்டுமென்றால் இடைவெளி 12. ஒன்று முதல் பன்னிரண்டுக்குள் ஓர் எண்ணைச் சமவாய்ப்பாக எடுத்து, அது 7 என்றால் 7, 19, 31, 43 என்று போய்க்கொண்டே இருக்கலாம். எளிமையான முறை; பட்டியலில் சீரான சுழற்சி ஒளிந்திருந்தால் மட்டும் கெடும். பன்னிரண்டு பன்னிரண்டு வீடுகளாகக் கட்டிய வரிசைக் குடியிருப்பில் எப்போதும் கடைசி வீடே மாட்டிக்கொண்டால், அந்த மூலைவீட்டுக் குடும்பங்களின் நிலையைத்தான் நாம் அளந்திருப்போம்.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது உலையில் கொதித்துப் புரண்ட சோற்றுக்குப் பொருந்தும். தம் போட்டு இறக்கிய ஆம்பூர் பிரியாணி அண்டாவில் மேலாக ஒரு கரண்டி எடுத்துவிட்டுக் கறியின் அளவைச் சொல்ல முடியாது. அடுக்குக்கு அடுக்கு அள்ளிப் பார்க்க வேண்டும். முழுத்தொகுதி அப்படி அடுக்கடுக்காக இருக்கும்போது பயன்படுவது அடுக்கு மாதிரியெடுப்பு. பீடித் தொழிலாளர்களை விட்டுவிட்டு, அணைக்கட்டு வட்டத்துப் பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களையும் சமவெளிக் கிராமங்களையும் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேரில் 4,000 பேர் மலையில் வாழ்கிறார்கள். மொத்தமாக 500 பேரை எளிய சமவாய்ப்பில் எடுத்தால் மலையிலிருந்து சராசரியாக 20 பேர்தான் வருவார்கள். அவர்களைக் கொண்டு மலைமக்களைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே மலையில் 100 பேரையும் சமவெளியில் 400 பேரையும் தனித்தனியே எடுக்கிறோம். மலையில் 70 விழுக்காட்டினருக்கும் சமவெளியில் 50 விழுக்காட்டினருக்கும் இரத்தச்சோகை இருந்தால், 500 பேரையும் கொட்டிக் கணக்கிடும் அவசரக்காரருக்கு 54 விழுக்காடு கிடைக்கும். அது தவறு. மலைக்கு 0.04, சமவெளிக்கு 0.96 என்று எடை கொடுத்தால் கிடைக்கும் 50.8 விழுக்காடே சரியான மதிப்பீடு. வேண்டுமென்றே கூடுதலாக எடுத்ததை, எடையிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நம் பீடி ஆய்வுக்கு உண்மையில் பொருந்துவது கொத்து மாதிரியெடுப்பு. வட்டம் முழுவதற்கும் பட்டியல் தயாரிக்க யாராலும் இயலாது. முதலில் கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, தேர்ந்த கிராமங்களில் மட்டும் பட்டியல் எடுத்தால் போதும். கிராமங்களை அவற்றின் அளவுக்கு ஏற்ற வாய்ப்போடு தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஐந்து கிராமங்களை வைத்துப் பார்ப்போம். அவற்றின் மக்கள்தொகை 800, 2,400, 1,200, 600, 3,000. தொடர்கூட்டல் 800, 3,200, 4,400, 5,000, 8,000. இரண்டு கிராமங்கள் வேண்டுமென்றால் இடைவெளி 4,000. ஒன்று முதல் 4,000-க்குள் எடுத்த சமவாய்ப்பு எண் 2,650 என்றால், அது இரண்டாம் கிராமத்திற்குள் விழுகிறது; அதோடு 4,000 கூட்டினால் வரும் 6,650 ஐந்தாம் கிராமத்திற்குள் விழுகிறது. பெரிய கிராமங்களுக்கு வாய்ப்பு அதிகம் கொடுத்துவிட்டோமே என்று தோன்றலாம். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரே எண்ணிக்கையில், ஏழு பேரை என்று வைத்துக்கொண்டால், அது சமன்பட்டுவிடும்: இரண்டாம் கிராமத்தவருக்கு 0.6 (2400/4000) பெருக்கல் 7/2400, ஐந்தாம் கிராமத்தவருக்கு 0.75 (3000/4000) பெருக்கல் 7/3000, இரண்டுமே 14/8000.

முப்பது கொத்து, கொத்துக்கு ஏழு குழந்தை என்று உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி ஆய்வுகளுக்குப் பரப்பிய முறையின் அடிப்படை இதுவே. ஆனால் அதில் கிராமத்திற்குள் நுழைந்த பிறகு செய்யப்படும் ஒரு வேலையை நம் ஊர்களில் அப்படியே செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஊர் நடுவில் நின்று திசையைக் குலுக்கலில் தேர்ந்து, முதல் வீட்டிலிருந்து அடுத்தடுத்த வீடாகப் போகும் வழக்கம் அது. நம் கிராமங்களில் ‘ஊர் நடு’ என்று காட்டப்படுவது பெரும்பாலும் கோயில் தெரு. காலனி அங்கிருந்து சற்றுத் தள்ளி, சில ஊர்களில் வயலைத் தாண்டி, இருக்கும். கோயில் தெருவில் தொடங்கி ஏழு வீடுகளை முடித்துக்கொள்பவர் காலனியை ஒருபோதும் அடைய மாட்டார். ஊரையும் காலனியையும் குக்கிராமங்களையும் சேர்த்து வரைபடம் வரைந்து, எல்லா வீட்டுக்கும் எண்ணிட்டு, அதன்பின் சமவாய்ப்பில் எடுப்பதற்கு ஒரு நாள் கூடுதலாகும். அந்த ஒரு நாளைச் சேமித்த ஆய்வின் முடிவை நான் நம்ப மாட்டேன்.

வசதிக்கேற்ப எடுப்பது, பங்கீடு வைத்து எடுப்பது, ஒருவர் காட்டிய மற்றொருவரைத் தேடிச் செல்லும் பனிப்பந்து முறை ஆகியவை சமவாய்ப்பு முறைகள் அல்ல. படிவத்தை ஒத்திகை பார்க்கவும், எளிதில் வெளிப்படாத குழுக்களை அணுகவும் அவை உதவும். விழுக்காடு சொல்ல உதவமாட்டா.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். சமவாய்ப்பில் தேர்ந்தெடுப்பது வேறு, சமவாய்ப்பில் பிரித்து ஒதுக்குவது வேறு. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் தடுப்பு மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. இருவருக்கு மருந்து, ஒருவருக்குப் போலி மருந்து என்ற விகிதத்தில் சமவாய்ப்பாக ஒதுக்கினார்கள். அந்தக் குழந்தைகள் இந்தியக் குழந்தைகளின் சமவாய்ப்பு மாதிரி அல்லர். அப்படி இருக்க வேண்டிய தேவையும் இல்லை. இரு குழுக்களும் மருந்தைத் தவிர மற்றவற்றில் ஒத்திருக்க வேண்டும் என்பதே அங்கு நோக்கம்.

ஐந்தாம் படி: எத்தனை பேர்?

எல்லோரும் முதலில் கேட்கும் இக்கேள்வியை ஐந்தாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. 1936-இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, அதிபர் தேர்தலில் லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றி. தொலைபேசியும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்து பெயர்களை எடுத்ததும், விடை அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களைப் போன்றவர்களாக இல்லாததும் அதற்குக் காரணங்கள். எண்ணிக்கை பிழையைக் குறைக்கும், சாய்வைக் குறைக்காது.

விழுக்காட்டை மதிப்பிட வேண்டிய மாதிரி அளவு 1.96-இன் வர்க்கத்தைப் p-யாலும் q-வாலும் பெருக்கி, d-யின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும். p என்பது எதிர்பார்க்கும் விழுக்காடு, q என்பது நூறிலிருந்து அதைக் கழித்தது, d என்பது நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை, 1.96 என்பது 95 விழுக்காட்டு நம்பிக்கைக்கு உரிய எண். இரத்தச்சோகை 50 விழுக்காடு இருக்கும் என்றும் 5 விழுக்காடு கூடக் குறைய இருக்கலாம் என்றும் கொண்டால் 385 பேர் தேவை. 1.96-ஐ 2 என்று எடுத்துக்கொள்ளும் வழக்கப்படி 400. பிழையை 2.5 ஆகப் பாதியாக்க விரும்பினால் 1,537 பேர், அதாவது நான்கு மடங்கு. ஆறு மாதத்தில் முடிக்க வேண்டிய ஆய்வேட்டுக்கு இந்த ஆசை ஆகாது.

கொத்தாக எடுக்கும்போது ஒரே கிராமத்தவர் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால், ஏழு பேரிடம் கேட்டாலும் ஏழு தனித்தனிச் செய்திகள் கிடைப்பதில்லை. அந்த இழப்பை ஈடுசெய்ய வடிவமைப்பு விளைவு என்ற எண்ணால் பெருக்குவார்கள். அது 2 என்று கொண்டால் 770 பேர். பத்து விழுக்காட்டினர் மறுக்கலாம் அல்லது கிடைக்காமல் போகலாம் என்றால், 770-ஐ 0.9-ஆல் வகுத்து 856 என்று எடுங்கள். 1.1-ஆல் பெருக்கினால் வருவது 847. அதில் பத்து விழுக்காடு போனால் 770 மிஞ்சாது. இந்தச் சிறு தவறு எத்தனையோ ஆய்வுத்திட்டங்களில் இருக்கிறது.

அரிதான நிலைக்கு d-யைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 5 விழுக்காட்டினருக்கு உள்ள ஒரு நோயை 5 விழுக்காடு பிழையோடு மதிப்பிட 73 பேர் போதும் என்று சூத்திரம் சொல்லும். கிடைக்கும் விடையோ ‘0 முதல் 10 வரை’ என்பது. பிழையை 1 விழுக்காடாகக் குறைத்தால் 1,825 பேர் தேவை. இந்த எண்ணைக் கண்டு திகைப்பவர்கள், அந்தக் கேள்விக்குத் தங்களிடமுள்ள காலமும் பணமும் போதுமா என்று அங்கேயே யோசித்துவிடுவது நல்லது.

ஆறாம் படி: எந்த வகைத் தரவு?

உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1946-இல் வகுத்த நான்கு அளவுநிலைகள் இன்றும் பயன்படுகின்றன. இரத்த வகை, மதம், ஊர் போன்றவை பெயரளவு. அவற்றை எண்ணலாம், வரிசைப்படுத்த முடியாது. தொழுநோயால் கை, காலில் ஏற்படும் குறைபாட்டை 0, 1, 2 என்று தரப்படுத்துவது வரிசையளவு. கரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்தை அருகில் வைத்திருக்கும் நமக்கு இது பழகிய அளவு. இரண்டாம் தரம் முதலாம் தரத்தைவிடக் கடுமையானது என்று சொல்லலாம். இருமடங்கு கடுமையானது என்று சொல்ல முடியாது. ‘சராசரிக் குறைபாட்டுத் தரம் 1.3’ என்று எழுதினால் அதற்கு என்ன பொருள் என்று எழுதியவரே விளக்க வேண்டும். வெப்பநிலை இடையளவு: வேலூர் வெயில் 104 டிகிரி பாரன்ஹீட் தொட்ட நாள், 52 டிகிரி நாளைவிட இருமடங்கு சூடானது அன்று. ஹீமோகுளோபின், எடை, ஒரு நாளில் சுற்றிய பீடிகளின் எண்ணிக்கை ஆகியவை விகிதவளவு. உண்மையான பூச்சியம் உள்ளவை.

நடைமுறை விதி ஒன்றே: எதை எண்ணாக அளக்க முடியுமோ அதை எண்ணாகவே பதியுங்கள். ஹீமோகுளோபின் 11.9 என்று எழுதினால் பிறகு ‘சோகை உண்டு’ என்று மாற்றிக்கொள்ளலாம். ‘சோகை உண்டு’ என்று மட்டும் குறித்தால் அது 11.9-ஆ 6.4-ஆ என்பது என்றைக்கும் தெரியாது. கூலி ‘ஆயிரம் பீடிக்கு’ என்று கணக்கிடப்படுவதால், எவ்வளவு சுற்றுகிறீர்கள் என்ற கேள்விக்கு ஆயிரம், ஐந்நூறு என்று முழு எண்களிலேயே விடை வரும். நேற்று ஒப்படைத்தது எத்தனை கட்டு என்று கேட்டால் இன்னும் நெருங்கிய எண் கிடைக்கும்.

ஏழாம் படி: படிவமும் களமும்

வயதைக் கேட்டால் 35, 40, 45 என்ற எண்களில் குவியும். உள்ளூர் நிகழ்வு நாட்காட்டி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர், ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது 1991 மே, ஆழிப்பேரலை 2004 டிசம்பர். ‘அப்போது பிறந்துவிட்டீர்களா? பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தீர்களா?’ என்று கேட்டால் வயது தானாக வந்துவிடும். இரத்த அழுத்தத்திலும் இதே குவிப்பு உண்டு. இரண்டிரண்டாகக் கோடிட்ட கருவியில் பூச்சியத்தில் முடியும் அளவீடுகள் ஐந்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும், பாதிக்குப் பாதி இருந்தால் அளந்தவர் தோராயமாக எழுதியிருக்கிறார்.

ஹீமோகுளோபினை விரல் நுனி இரத்தத்தில் அளப்பதா சிரை இரத்தத்தில் அளப்பதா என்று முன்பே முடிவுசெய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வு விரல் நுனித் துளியைப் பயன்படுத்தியது. உங்கள் சிரை இரத்த முடிவை அதனோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பங்கேற்பவர் தமக்குப் புரியும் மொழியில் கேட்டறிந்து தரும் இசைவும் களத்துக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டும். கடுமையான சோகை கண்டறியப்படும் பெண்ணை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது என்பதும் ஆய்வுத்திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வேறு நாளில், வேறு நேரத்தில் மூன்று முறையாவது திரும்பச் செல்லுங்கள். சுற்றிய பீடியை ஒப்படைக்கப் போயிருக்கும் பெண்தான் அதிகம் சுற்றுபவராக இருக்கக்கூடும். அவரை விட்டு வீட்டிலிருப்பவரைச் சேர்த்தால் உழைப்பு குறைந்தவர்களின் ஆய்வாக அது மாறிவிடும்.

எட்டாம் படி: உள்ளிடலும் துப்புரவும்

விடை தெரியாத இடத்தில் 99 என்று குறிப்பது பழைய வழக்கம். 22, 31, 28, 40, 99 என்ற ஐந்து வயதுகளின் சராசரியைக் கணினியிடம் கேட்டால், தயங்காமல் 44 என்று சொல்லும். 99 வயதன்று, விடுபட்ட விடை என்று அதற்குத் தெரியாது. நால்வரின் உண்மையான சராசரி 30.25. பூச்சியமும் வெற்றிடமும் வேறுவேறு. குழந்தை இல்லை என்பது 0, கேட்க மறந்தோம் என்பது வெற்றிடம். பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு தாளில், ஆய்வெண் போட்ட விடைகள் வேறொரு கோப்பில் என்று பிரித்துவையுங்கள். ஒவ்வொரு மாறியின் சிறுமத்தையும் பெருமத்தையும் முதலில் பாருங்கள். ஹீமோகுளோபின் 112 என்று வந்தால் யாரோ புள்ளியை விழுங்கியிருக்கிறார்கள். அதை 11.2 என்று நீங்களே ஊகித்துத் திருத்தாமல் மூலப் படிவத்தைத் தேடி எடுங்கள்.

ஒன்பதாம் படி: சுருக்கிச் சொல்லுதல்

மருத்துவமனையில் ஏழு பேர் தங்கிய நாட்கள் 2, 3, 3, 4, 5, 6, 47 என்றால் சராசரி 10, வரிசையின் நடுவே நிற்கும் எண்ணான இடைநிலை அளவு 4. ஏழில் ஆறு பேர் பத்து நாள் தங்கவே இல்லை. இப்படி ஒருபுறம் நீளும் தரவுக்கு இடைநிலை அளவையும், வரிசையை நான்காகப் பிரிக்கும் கால்மானங்களையும் கொடுப்பதே சரி.

திட்டவிலக்கத்தையும் திட்டப்பிழையையும் மாற்றி எழுதாமல் இருக்க வேண்டும். 400 பெண்களின் ஹீமோகுளோபின் சராசரி 11.2, திட்டவிலக்கம் 1.6 என்றால், பெண்ணுக்குப் பெண் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை 1.6 சொல்கிறது. அதை 400-இன் வர்க்கமூலமான 20-ஆல் வகுத்தால் வரும் 0.08 திட்டப்பிழை, சராசரி என்ற மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதை அது சொல்கிறது. தரவு கச்சிதமாகத் தோன்ற வேண்டுமென்று 1.6-க்குப் பதில் 0.08-ஐ எழுதுவோர் உண்டு; வரைபடத்தில் கோடுகள் குட்டையாக அழகாக இருக்கும், படிப்பவர் ஏமாறுவார்.

எளிய சமவாய்ப்பில் எடுத்த 400 பேரில் 212 பேருக்குச் சோகை என்றால் 53 விழுக்காடு. உண்மையான விழுக்காடு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று சொல்லும் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 48.1 முதல் 57.9 வரை. அதே 400 பேரைக் கொத்தாக எடுத்து, வடிவமைப்பு விளைவு 2 என்று வந்திருந்தால், இடைவெளி 46.1 முதல் 59.9 வரை விரியும். கொத்தாக எடுத்துவிட்டுத் தனித்தனியாக எடுத்ததுபோல் கணக்கிடுவது, இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகும்.

அறிக்கையில் முறையியல் பகுதியை எழுதும்போது, எத்தனை கிராமங்களில் பட்டியல் எடுத்தோம், பட்டியலில் எத்தனை பெயர்கள் இருந்தன, எத்தனை பேரைத் தேர்ந்தெடுத்தோம், எத்தனை பேர் மறுத்தார்கள், மூன்று முறை சென்றும் எத்தனை பேர் கிடைக்கவில்லை, யாருடைய இரத்தம் உறைந்துபோய் அளக்க முடியவில்லை, கடைசியில் எத்தனை பேர் கணக்கில் சேர்ந்தார்கள் என்பதை அந்த வரிசையிலேயே எண்களோடு கொடுங்கள். மறுத்தவர்களின் வயதையும் தெருவையும் பட்டியலிலிருந்தே எடுத்து, பங்கேற்றவர்களோடு ஒப்பிட்டு ஒரு சிறு அட்டவணையும் அதனடியில் சேர்த்துவிடுங்கள்.